எந்தப் பதிப்பு?

ஆய்வு மாணவர் ஒருவர் மேற்கோளுடன் வந்து நின்றால் தமிழ்த்துறையில் நாம் முதலில் கேட்பது, "எந்தப் பதிப்பு?" என்பதே. நூலின் பெயர் ஒன்றாக இருக்கலாம்; பாடம் ஒன்றாக இராது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பின்வந்த பதிப்புகளில் அவரே திருத்தங்கள் செய்தார். மாறாக, முதற்பதிப்பில் செம்மையாக இருந்த நூல் கவனமின்றி மறுஅச்சானபோது பிழை மலிந்து போனதும் உண்டு. பிந்தியது என்பதனால் ஒரு பதிப்பு சிறந்ததாகிவிடாது; முந்தியது என்பதனாலும் ஆகிவிடாது. இவ்விதியைப் பல்லாண்டுகளாக வகுப்பறையில் கற்பித்து வந்த நாமே ஒருமுறை அதனை மறந்தோம். மறந்தது நூல் பற்றியன்று, மடிக்கணினி பற்றி.

2011இல் நாம் ஒரு மடிக்கணினி வாங்கினோம். கனமானது, அழகென்று சொல்வதற்கில்லை. ஆயினும் நம் ஆய்வேடு முழுவதும் அதில்தான் உருவாயிற்று. ஒருமுறை மேசையிலிருந்து விழுந்தும் அது நின்றுவிடவில்லை. மின்கலம் தளர்ந்தபோது பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினோம். வேகம் குறைந்தபோது கடைக்காரர் அடிப்பக்கத்தில் இரண்டு திருகாணிகளைக் கழற்றி நினைவகத்தைக் கூட்டித் தந்தார்.

2018இல் நம் மாணவர் ஒருவர், "எதை வாங்கலாம் ஐயா?" என்று கேட்டார். சற்றும் எண்ணாமல் நம் கணினியைக் காட்டி, "இந்தப் பெயருள்ளதை வாங்குங்கள், ஏமாற மாட்டீர்கள்" என்றோம். அவருடைய உம்மா தம் வளையல்களை விற்றுப் பணம் கொடுத்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

புதிய கணினி மெலிந்திருந்தது. கைக்கு எடையே தெரியவில்லை. ஓராண்டு உத்தரவாதம் முடிந்த இரண்டாம் திங்களில் சில எழுத்துகள் விழ மறுத்தன. சில இருமுறை விழுந்தன. திரையைத் தாங்கும் கீல் பிளந்தது. பழுது பார்ப்பவர் திறந்து காட்டினார்: விசைப்பலகை மேலுறையோடு சேர்த்து அறையப்பட்டிருந்தது, மின்கலம் உள்ளே ஒட்டப்பட்டிருந்தது, நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. ஒரு விசைக்காக மேலுறை முழுவதையும் மாற்ற வேண்டுமாம். அதற்கான செலவு கணினி விலையில் மூன்றில் ஒரு பங்கு. "உங்கள் கணினியைப் பார்த்துத்தானே வாங்கினேன் ஐயா" என்றார் மாணவர். அதில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின் மடிக்கணினிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அங்கும் நாம் அறிந்த பாடபேதமே காத்திருந்தது. 1991இல் ஆப்பிள் நிறுவனத்தின் பவர்புக், விசைப்பலகையைத் திரைப்பக்கம் தள்ளி, முன்புறம் மணிக்கட்டு வைக்க இடம் அமைத்தது. இன்றைய கணினிகள் அவ்வமைப்பையே பின்பற்றுகின்றன. அதே நிறுவனம் 2015இல் உயரம் குறைந்த வண்ணத்துப்பூச்சி விசைகளைக் கொண்டுவந்தது. உடல் மெலிந்தது, ஆனால் தூசு புகுந்தால் விசைகள் சிக்கின. 2018இல் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்த அந்நிறுவனம், 2019 இறுதியில் பழைய முறைக்குத் திரும்பத் தொடங்கியது. 1992இல் ஐபிஎம் வெளியிட்ட திங்க்பேட் வரிசை 2005இல் லெனோவாவின் கைக்கு வந்தது. 2013இன் டி440 கணினியில் தொடுதளத்தின் தனிப் பொத்தான்கள் நீக்கப்பட்டன, பயனர் முணுமுணுத்தனர், 2015இன் டி450இல் அவை மீண்டன. பெயர் ஒன்றே, பதிப்புதான் வேறு.

ஆதலால் பழையனவெல்லாம் பொன் என்று முடிவு கட்டலாமா? அதுவும் பிழையே. 2006இல் சோனி தயாரித்த மின்கலங்களுள் உலோகத் துகள் கலந்திருந்தமையால் தீப்பற்றும் அச்சம் எழுந்தது. டெல் நிறுவனம் மட்டும் ஏறத்தாழ 41 இலட்சம் மின்கலங்களைத் திரும்பப் பெற்றது. 2008இல் என்விடியாவின் வரைகலைச் சில்லுகள் சில, சூடேறியும் குளிர்ந்தும் இணைப்பு பலவீனமாகிச் செயலிழப்பது வெளிப்பட்டது. அச்சில்லுகளைப் பல நிறுவனங்கள் தத்தம் கணினிகளில் பொருத்தியிருந்தன. வெளியே எத்தனை பெயர்கள் இருந்தாலும் உள்ளே ஒரே உறுப்பு இருக்கக்கூடும். அவ்வாறே வெளியே ஒரே பெயர் இருந்தாலும் உள்ளுறுப்புகள் ஆண்டுதோறும் மாறக்கூடும்.

மாணவச் செல்வங்களே! கணினி வாங்கப் புறப்படுமுன் நீங்கள் கேட்க வேண்டியவை சில. பெயரை மட்டும் கேளாதீர்கள். மாதிரி எண்ணையும் அது வெளிவந்த ஆண்டையும் கேளுங்கள். மின்கலமும் நினைவகமும் விசைப்பலகையும் தனித்தனியே மாற்றத் தக்கனவா என்று கேளுங்கள். வாங்கிய அன்று புகழ்ந்தவரை விட்டு, அதே மாதிரியை ஈராண்டு பயன்படுத்தியவரைத் தேடிக் கேளுங்கள். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது ஆற்றுக்கு மட்டும் உரிய அறிவுரையன்று.

இன்னொன்று, நம்மைப் போன்ற ஆசிரியர்க்கும் பெரியவர்க்கும் உரியது. இளையோர் நம்மிடம் வழி கேட்கும்போது நம் பழைய பட்டறிவையே பதிலாகத் தந்துவிடுகிறோம். நாம் நடந்த காலத்தில் அவ்வழி நன்றாகத்தான் இருந்தது. இன்று அது எவ்வாறு இருக்கிறது என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுச் சொல்வதே, நம்பிக் கேட்டவருக்கு நாம் செய்யும் நீதி.

அம்மாணவர் தம் ஆய்வேட்டின் எஞ்சிய பகுதியை நம் பழைய கணினியில்தான் தட்டச்சு செய்தார். மாலைதோறும் வகுப்பு முடிந்தபின் துறையில் அமர்ந்து எழுதுவார். அவர் எழுந்து செல்லும்வரை நாமும் உடன் இருந்தோம். ஏன் காத்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. ஆய்வேட்டை ஒப்படைத்த நாளில் நூற்பட்டியலை ஒருமுறை பார்த்தோம். ஒவ்வொரு நூலுக்கும் நேரே பதிப்பும் ஆண்டும் தவறாது குறிக்கப்பட்டிருந்தன.