சோதனைக்கு முந்திய இரண்டு வாரங்கள்



இம்மலர் உங்கள் கைகளில் தவழும் வேளையில் ஆண்டிறுதிச் சோதனைக்கு இரண்டு வாரங்களே எஞ்சியிருக்கும். பள்ளியின் ஆண்டறிக்கையையும் நன்றியுரையையும் வேறு பக்கங்களில் எழுதியுள்ளோம். இப்பக்கத்தில் கணிதப் பாடத்தின் மீள்பார்வையைப் பற்றி மட்டுமே பேச விரும்புகின்றோம். இது மாணவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று; அதிகாலையில் பிரட்டுக்குச் செல்லும் பெற்றோர்க்கும் உரியது.

1988ஆம் ஆண்டு முதல் நம் பிள்ளைகள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. அதன் பிறகு, "பெரிய சோதனைதான் இல்லையே, ஐயா, ஏன் இவ்வளவு பாடு?" என்று நம்மிடம் வினவிய பெற்றோர் பலர். தேர்வு போனது குறித்து நமக்கு வருத்தம் ஏதுமில்லை. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அத்தேர்வின் பொருட்டு உறக்கமின்றித் தவித்ததைக் கண்ணாரக் கண்டவர் நாம். எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் ஒரு பிள்ளையின் குறை ஆறாம் ஆண்டிலேயே வெளிப்பட்டுவிடும். இன்று அக்குறை மறைந்தே கிடந்து, இடைநிலைப் பள்ளியின் முதற்படிவத்தில்தான் தலைகாட்டுகிறது. அங்கே கணிதம் மலாய் மொழியிலும், சில பள்ளிகளில் ஆங்கிலத்திலும் நடைபெறுகிறது. பின்னம் விளங்காத பிள்ளை, மொழியும் விளங்காமல் பின்வரிசையில் அமர்ந்துவிடுகிறது. "எனக்குக் கணக்கு வராது" என்று அப்பிள்ளை தன்னைத்தானே முடிவு கட்டிக்கொள்வது அந்த ஆண்டில்தான். ஆகவே ஆண்டிறுதிச் சோதனைக்கு முந்திய இந்த இரண்டு வாரங்களை நாம் எளிதாக எண்ணுவதில்லை.

வழக்கமாக நடப்பது யாதெனின், ஈப்போவுக்குச் சென்று மாதிரித் தாள்களை ஒரு கட்டாக வாங்கி வருவர். பிள்ளை பத்துத் தாள்களையும் செய்து முடிக்கும். பத்திலும் ஒரே பிழையைச் செய்திருக்கும். பிழைக்குச் சிவப்புக் கோடு போட்டு, "கவனம் போதாது" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். கவனக்குறைவு என்பது பல சமயங்களில் பிள்ளையின் மேல் நாம் சுமத்தும் வீண்பழியே ஆகும்.

எடுத்துக்காட்டாக, 403இலிருந்து 158ஐக் கழிக்குமாறு கேட்டால், மாணவர் சிலர் 355 என்று விடை எழுதுகின்றனர். இது கைபோன போக்கில் எழுதிய விடையன்று. 3இலிருந்து 8 போகாது; ஆகவே 8இலிருந்து 3ஐக் கழித்து 5. அடுத்து 0இலிருந்து 5 போகாது, ஆகவே 5. பின்னர் 4இலிருந்து 1 போக 3. 'பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழி' என்ற விதி அப்பிள்ளையின் மனத்தில் உறுதியாகப் பதிந்துள்ளது. அவ்விதியை மிகுந்த கவனத்துடன்தான் அது பின்பற்றியிருக்கிறது! விதியே தவறு. நூறு மாதிரித் தாள்களைக் கொடுத்தாலும் இது மாறாது, ஆழப் பதியும்.

இதற்கு மருந்து இல்லத்திலேயே உண்டு. நான்கு நூறு ரிங்கிட் தாள்களும் மூன்று ஒரு ரிங்கிட் தாள்களும் இருப்பதாகக் காகிதத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். "இதிலிருந்து 158 ரிங்கிட் எனக்குக் கொடு" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை விழிக்கும், கையில் பத்து ரிங்கிட் தாளே இல்லை. சற்றுப் பொறுத்து, நூறு ஒன்றைப் பத்துப் பத்துகளாக மாற்றும். அப்பத்துகளில் ஒன்றைப் பத்து ஒன்றுகளாக மாற்றும். இப்பொழுது கையில் மூன்று நூறும், ஒன்பது பத்தும், பதின்மூன்று ஒன்றும் உள்ளன. 158 போக மீதி 245. இட மதிப்பு என்பது இவ்வளவுதான். பழைய வாத்தியார்கள் இதனைக் 'கடன் வாங்குதல்' என்றனர். அச்சொல் நமக்கு என்றுமே உவப்பாக இருந்ததில்லை. வாங்கிய கடனை எவரும் திருப்பித் தருவதில்லை அன்றோ? 'மாற்றுதல்' என்பதே பொருத்தம். கடைக்காரரிடம் சில்லறை மாற்றாத தோட்டத்துப் பிள்ளை எவரும் இலர். விடை சரிதானா என்று அறிய 245உடன் 158ஐக் கூட்டிப் பார்க்கட்டும். 403 வர வேண்டும். 355உடன் கூட்டினால் 513 வரும். இருந்த பணத்தைவிட அதிகம்.

நேரக் கணக்கிலும் இத்தகைய பிழை உண்டு. காலை 5.45க்கு வெட்டத் தொடங்கியவர் 10.20க்கு முடித்தால் வேலை நேரம் எவ்வளவு? தசமக் கழித்தல் போலச் செய்து 4.75 என்று எழுதுவர். மணிக்கு நூறு நிமிடம் என்றால் அது சரியே, அறுபதுதானே! 5.45இலிருந்து 6.00 வரை 15 நிமிடம், 6.00இலிருந்து 10.20 வரை 4 மணி 20 நிமிடம். ஆக 4 மணி 35 நிமிடம். 3 கிலோ 50 கிராமை 3.5 கிலோ என்று எழுதுவதும், 0.5ஐவிட 0.35 பெரியது என்று கூறுவதும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. பின்னதற்குச் சென் கணக்கே போதும்: 0.5 ரிங்கிட் ஐம்பது சென், 0.35 ரிங்கிட் முப்பத்தைந்து சென்.

பின்னத்துக்கு வருவோம். நம் அனுபவத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் அதிகம் இடறும் இடம் இதுவே. 1/4, 1/8 ஆகிய இரண்டில் எது பெரிது என்றால், எட்டு பெரிய எண்ணாதலால் 1/8 என்பர். இதனைத் திருத்த நாம் கரும்பலகையில் வட்டங்கள் வரைந்து பார்த்ததுண்டு. ஆனால் தமிழ்ச் சொல்லே அதைவிட நன்றாகத் திருத்துகிறது. 1/8க்குத் தமிழில் அரைக்கால் என்று பெயர். அரைக்கால் என்றால் காலில் அரை. காலைவிடச் சிறியது என்பது பெயரிலேயே உள்ளது. அரைக்காலில் அரை மாகாணி, அதாவது 1/16. காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' போன்ற பழைய கணக்கு நூல்களிலும், திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியிலும் இப்பெயர்கள் வழங்கின. உங்கள் இல்லத்துப் பாட்டிமார் சிலர் இவற்றை இன்னும் அறிந்திருப்பர். ஒரு தோசையை எடுத்துப் பாதியாக்கி, காலாக்கி, அரைக்காலாக்கிக் காட்டும்படி பாட்டியிடம் கேளுங்கள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்த்து 2/5 என்று எழுதும் பிள்ளைக்கும் தோசையே ஆசான்: 2/5 அரையைவிடக் குறைவு. அரைத் தோசையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் தோசை எப்படிக் குறையும்? சரியான விடை 5/6.

இவ்விடத்தில் இளம் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அத்திட்டம் கைவிடப்படும் என்று 2009ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு, கணிதம் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. இடையில் பயின்ற பிள்ளைகள் இன்று தாய் தந்தையராக நம்முன் நிற்கின்றனர். "பிள்ளையின் புத்தகத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை, ஐயா; தொகுதி, பகுதி என்று ஏதோ போட்டிருக்கிறது," என்று ஒரு தாயார் சென்ற ஆண்டு நம்மிடம் தயங்கித் தயங்கிக் கூறினார். அம்மையார் பள்ளியில் கற்ற 'நியூமரேட்டர்'தான் தொகுதி. கோட்டுக்கு மேலே நிற்பது. 'டினாமினேட்டர்'தான் பகுதி, கீழே நிற்பது. மலாயில் அவற்றுக்கு வேறு பெயர்கள் உள. கோடு ஒன்றே. சொல் தெரியாத காரணத்தால் பிள்ளையின் புத்தகத்தை மூடிவிட வேண்டா. அச்சொல்லுக்குப் பொருளைப் பிள்ளையிடமே கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது. தெரியாவிடில், மீள்பார்வை எங்கே தொடங்க வேண்டும் என்பது உங்களுக்கும் நமக்கும் தெரிந்துவிடும்.

"எங்களுக்குப் படிப்பில்லை, நாங்கள் என்ன சொல்லித் தருவது?" என்போரும் உளர். நம் தாயார் பால்வெட்டுத் தொழிலாளி, எழுத்தறியார். ஆயினும் வேலைக்குச் சென்ற நாள்தோறும் அடுப்படிச் சுவரில் ஒரு கரிக்கோடு இழுப்பார். நான்கு கோடுகளின் குறுக்கே ஐந்தாவது கோடு. ஒரு மாதம் சம்பளச் சீட்டில் 22 நாள் என்றிருந்தது. சுவரில் நான்கு கட்டும் மூன்று கோடும் இருந்தன. தாயார் நம்மையும் உடன் அழைத்துக்கொண்டு ஆபீசுக்குச் சென்றார். பேரேட்டை மீண்டும் புரட்டிப் பார்த்தபோது விடுபட்ட ஒரு நாள் அகப்பட்டது. ஐந்து ஐந்தாகக் கட்டி எண்ணுவதை இன்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கின்றோம். பெருக்கல் தெரியாத தாயார், பெருக்கலின் வேரை அறிந்திருந்தார்.

அக்காலத்துச் சீட்டு வேறு, இக்காலத்துச் சீட்டு வேறு. ஆனால் அதனைச் சரிபார்க்கும் கணக்கு மாறவில்லை. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இதைவிடச் சிறந்த மீள்பார்வைத் தாள் கிடைப்பதரிது. குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. வாரம் ஆறு நாள் வேலை செய்வோர்க்கு அது நாளொன்றுக்கு 65.38 ரிங்கிட். இத்தொகை எங்கிருந்து வந்தது? 1,700ஐ 26ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 26 × 65 = 1,690; மீதி 10. தசமப் புள்ளி வைத்துத் தொடர்ந்தால் 65.384 என்று நீளும். இரண்டு தசம இடத்துக்குக் கிட்டிய மதிப்பு 65.38. இனி 65.38ஐ 26ஆல் பெருக்கினால் 1,699.88 வரும். பன்னிரண்டு சென் எங்கே போயிற்று? கிட்டிய மதிப்பு என்றால் என்னவென்று இந்த வினாவுக்கு விடை தேடும் பிள்ளை ஒருபோதும் மறவாது. விழுக்காட்டுக்கும் அதே சீட்டு உதவும். ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு. 1,700இல் 10 விழுக்காடு 170, 1 விழுக்காடு 17, ஆக 187. மனக்கணக்காகவே செய்துவிடலாம். தந்தையின் சம்பளத்தைப் பிள்ளை அறியலாகாது என்று கருதுவோர் வேறு தொகையை எழுதிக் கொடுக்கட்டும்.

பால் தோட்டங்களில் விழுக்காடு நாள்தோறும் நடக்கும் கணக்கு. கொட்டகையில் பாலை நிறுத்தபின் மாதிரி எடுத்து, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பர். 40 கிலோ பாலில் 32 விழுக்காடு என்றால் 12.8 கிலோ. பேராக்கில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. அங்கே 100 கிலோ குலையில் ஏறக்குறைய 20 கிலோ எண்ணெய் என்று கணக்கிடலாம். பழைய கட்டிக் கணக்கைப் பேசும் தாத்தாமாரையும் விட்டுவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தின் வழி நாடு படிப்படியாகக் கிலோவுக்கு மாறியது. 1 கட்டி ஏறத்தாழ 600 கிராம். தாத்தா அரைக் கட்டிக் கருவாடு கேட்டால் கடையில் எத்தனை கிராம் கேட்க வேண்டும் என்பது அருமையான வினா.

வாய்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மனனம் பழங்காலத்து முறை என்று இகழ்வோருடன் நாம் உடன்படோம். 7 × 8க்கு விரல்விட்டு எண்ணும் பிள்ளை, நீள வகுத்தலின் நடுவில் வழியைத் தொலைத்துவிடும். பேருந்தில் வரும்போது சொல்லிக்கொண்டு வரட்டும்.

இந்த இரண்டு வாரங்களில் இரவுதோறும் கால்மணி நேரம் போதும், அதற்குமேல் வேண்டா. பிள்ளை தவறு செய்தால் உடனே திருத்தாமல், "இதை எப்படிச் செய்தாய்? சொல்," என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருங்கள். காலையில் உளி பிடித்த கைக்கு மாலையில் பொறுமை குறைவென்பதை நாம் அறியாதவரல்லோம். குரல் உயரும்போது புத்தகத்தை மூடிவிடுங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை சொன்ன வழி விளங்காவிடில் அத்தாளை அப்படியே பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். அழித்துச் சரிசெய்து அனுப்ப வேண்டா. அழிக்காத தாளே ஆசிரியர்க்குப் பயன்படும்.

மாணவர்களே, உங்களுக்கு இரண்டு கணக்குகள். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளில் 9 நம் கோலகங்சாரில் நடப்பட்டன. அது பாதிக்கு மேலா, கீழா? வகுத்துப் பார்க்காமல் சொல்லுங்கள். அடுத்து, ஒரு நிரையில் 20 மரங்கள். மரத்துக்கு மரம் 3 மீட்டர் இடைவெளி. முதல் மரத்திலிருந்து கடைசி மரம் வரை எத்தனை மீட்டர்? 60 என்று விரைந்து சொல்பவர், ஐந்து மரங்களை மட்டும் தாளில் வரைந்து, இடைவெளிகளை விரலால் தொட்டு எண்ணிப் பார்க்கட்டும். விடையைத் திங்கட்கிழமை காலையில் நம்மிடம் காட்டலாம். கண்ட வழியையும் சேர்த்து எழுதி வருக.