நடுவில் ஒருவர்

சேத்தியாத்தோப்பில் விருத்தாசலம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். டீக்கடை பெஞ்சில் பக்கத்திலிருந்த பெரியவர், "தம்பிக்கு எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "யார் வீடு?" என்றார். அதையும் சொன்னேன். டீ ஆறுவதற்குள், என் சின்ன மாமாவின் சகலையும் அவருடைய மருமகனும் நெய்வேலியில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள் என்பது வெளிப்பட்டுவிட்டது. "அட, நம்ம பிள்ளை!" என்று என் தோளைத் தட்டினார்.

இது தற்செயல் அல்ல. அமெரிக்காவில் ஸ்டான்லி மில்கிராம் என்ற மனவியல் பேராசிரியர் 1960-களில் ஒரு சோதனை செய்தார். நெப்ராஸ்காவிலும் பாஸ்டனிலுமாக 296 பேரிடம், பாஸ்டனில் வேலை பார்த்த ஒரு பங்குத் தரகரிடம் ஒரு தபால் போய்ச் சேர வேண்டும் என்றார். முன்பின் தெரியாதவருக்கு அனுப்பக் கூடாது. ஒவ்வொருவரும் தமக்குப் பழக்கமான ஒருவருக்கே அனுப்ப வேண்டும். போய்ச் சேர்ந்த தபால்களுக்கு நடுவே நின்றவர்கள் சராசரியாக ஐந்து பேர்தான்!

எப்படி? எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் தங்களுக்குள்ளும் தெரிந்தவர்களாகவே இருந்தால், சேதி வெள்ளாற்றங்கரையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். வெளியே கால் வைத்த ஒரு சிலர் போதும், தூரம் சட்டென்று சுருங்கிவிடும். 1998-இல் வாட்ஸ், ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இருவர் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். இந்தப் பக்கத்தில் அந்தக் காரியத்தைச் செய்தது நெய்வேலி. 1956-இல் நிலக்கரி நிறுவனம் வந்த பிறகு, நம் ஊர்ப் பையனுக்கு அடுத்த வீட்டுக்காரர் மலையாளியாகவோ தெலுங்கராகவோ ஆனார்.

ஆனால் அதே நெய்வேலி பிரித்தும் வைத்தது. பெரியவர் தயங்கிவிட்டுச் சொன்னார்: "சுரங்கத்துக்கு நிலம் எடுத்தப்போ என் சிநேகிதன் ஊரே கலைஞ்சுபோச்சு. விருத்தாசலம் பக்கம் இருக்கானாம். நீங்க அங்கேதானே போறீங்க? விசாரிச்சுச் சொல்லுங்க, தம்பி."

பெயரெழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். நாலாம் நாள் சட்டை வெளுத்து வந்தது. சீட்டு கூழாகியிருந்தது.

மில்கிராமின் 296 தபால்களில் போய்ச் சேர்ந்தவை 64 தான். மற்றவை வழியில்லாமல் நின்றவை என்று சொல்ல முடியாது. யாரோ ஒருவர் அடுத்தவருக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான். அந்த ஒருவர் எப்படிப்பட்டவர் என்பது எனக்குத் தெரியும். கெட்டவர் அல்லர், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்.

மறுவாரம் அதே டீக்கடைக்குப் போனேன். கடைக்காரரிடம் பெரியவரின் அடையாளத்தைச் சொன்னேன்.

"அவரா? நம்ம பால்காரருக்குத் தெரியும். இருங்க, வருவார்" என்றார்.

இருந்தேன்.