பூவைக் கிள்ளும் ஆண்டுகள்

திருவனந்தபுரத்தில் ஐந்து சென்ட், ஏழு சென்ட் மனையில் பழமரம் வைப்பவர்கள் இன்று பெரும்பாலும் ஒட்டுக்கன்றுகளையே வாங்குகிறார்கள். சரியான முடிவுதான். பலாக்கொட்டையை ஊன்றினால் கெட்டிச்சுளை வருக்கை வருமா, குழைந்த சுளைக் கூழன் வருமா என்பதற்கு உறுதி கிடையாது. விதையில் வளர்த்த ரம்புத்தான் ஆண்மரமாகவே போய்விடலாம். அது தெரியவரும்போது இடமும் ஆண்டுகளும் போயிருக்கும். சிறிய மனையில் இந்தச் சூதாட்டம் கட்டுப்படியாகாது. ஆனால் ஒட்டுக்கன்று ஒரு பொறுப்பை நம் தலையில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறது. ஒட்டு, கன்றுக்கு வயதைக் கொடுக்கிறது, உடம்பைக் கொடுப்பதில்லை. ஆகவே முதல் மூன்று ஆண்டுகளில் வரும் பூவைக் கிள்ளிவிடுவதுதான் உரம், மருந்து எல்லாவற்றையும்விட முக்கியமான பராமரிப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

விதையிலிருந்து வரும் மரம் பல ஆண்டுகள் பூக்காது. மங்குஸ்தானைப் பாருங்கள். அதன் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாவதால் கன்று தாய்மரத்தைப் போலவே இருக்கும்; எனவே அதை விதையில் வளர்ப்பதே வழக்கம். அது காய்க்க ஏழெட்டு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். அந்தக் காலம் முழுவதும் மரம் வேரையும் தண்டையும் கட்டிக்கொள்கிறது. ஒட்டுக்கன்றில் இந்தக் காத்திருப்பு இல்லை. ஒட்டிய கொம்பு காய்க்கும் மரத்திலிருந்து வெட்டியது என்பதால், நர்சரிப் பையில் இருக்கும்போதே மாங்கன்று பூத்துவிடும். நம் ஊரில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. வடகிழக்குப் பருவமழையான துலாமழை ஓய்ந்து வெயில் ஏறும் டிசம்பர், ஜனவரியில் மா பூக்கிறது. காய் திரளும் மாதங்களும் மண் காயும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. ஒரு மாங்காய் ஒழுங்காகத் திரள ஏறத்தாழ முப்பது இலைகளின் உழைப்பு தேவை. இருபது, நாற்பது இலைகளோடு நிற்கும் கன்றில் இரண்டு காய் நின்றால், வேருக்குப் போக வேண்டிய உணவின் பெரும்பகுதி காய்க்குப் போய்விடும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காயைத் தாங்கிய கன்றில் மார்ச் மாதம் அடியிலைகளின் ஓரம் கருகியிருக்கும்; நுனியில் காய்ந்த காம்பு மட்டும் நிற்கும். பூவைக் கிள்ளிய கன்றில் கோடைமழை விழுந்ததும் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். பூங்கொத்து விரல்நீளம் இருக்கும்போதே, கீழுள்ள இலைகளைத் தொடாமல் அடியோடு கிள்ள வேண்டும். சில சமயம் பக்கத்து மொட்டிலிருந்தே இன்னொரு கொத்து கிளம்பும்; அதையும் எடுக்க வேண்டும். பிறகு வருபவை பக்கக் கிளைகள். அவற்றில் நாலாபக்கமும் பரவும் மூன்று நான்கை மட்டும் விட்டால், மரம் கைக்கெட்டும் உயரத்தில் குடைபோல அமையும். கையோடு கையாக ஒட்டுப்பகுதியையும் பார்த்துவிட வேண்டும். பாலித்தீன் நாடா இன்னும் இருந்தால் அது பருக்கும் தண்டை நெரிக்கும். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் தளிர் வேர்க்கன்றுக்குச் சொந்தமானது. விட்டுவைத்தால் அதுவே மரமாகிவிடும்.

தண்ணீர் ஊற்றினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் வாட்டத்தைத் தீர்க்கும். இலை செய்ய வேண்டிய உணவைத் தராது. தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கி, சரளைமண்ணுக்குள் இறங்க மறுக்கும். அப்படிப்பட்ட மரம் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக் காற்றில் சாயும். தாத்தா காலத்தில் யார் பூ கிள்ளினார்கள் என்பது அடுத்த கேள்வி. அந்த மரங்கள் கொட்டையில் முளைத்தவை. பொறுமை அவற்றுக்குள்ளேயே இருந்தது. மூன்றாவது கேள்விதான் கனமானது: தவறான ரகத்தைக் கொடுத்திருந்தால், காய் பார்க்காமல் மூன்று ஆண்டுகள் எப்படிக் காத்திருப்பது? இதில் நியாயம் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு கன்று திடமாக இருந்தால் ஒரே ஒரு காயை விட்டு ரகத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு காய் சோதனை. பத்துக் காய் சுமை. மூன்று ஆண்டு என்பது என் சொந்தக் கணக்கும் அல்ல. மாமரத்துக்கு அதுவரை பூங்கொத்துகளை நீக்கச் சொல்வது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையே.

அதுவரை வீட்டுப் பிள்ளைகள் எதைப் பறிப்பார்கள்? அதற்குத்தான் செடிப்பழங்கள். மல்பெரியும் மேற்கிந்தியச் செர்ரியும் அடியிலிருந்தே பல தண்டுகள் விடுபவை. பழமும் சிறியது, சீக்கிரம் பழுத்துவிடும். மல்பெரியைக் கவாத்து செய்து இலையை உருவிவிட்டால், புதுத்தளிரோடு சேர்ந்தே காயும் வரும். இவற்றுக்கு மேற்சொன்ன கட்டுப்பாடு தேவையில்லை. மாவும் ரம்புத்தானும் கிளைவிரித்து மூடாத ஆண்டுகளில், அவற்றின் பாத்திக்கு வெளியே இச்செடிகளை வைத்தால் தோட்டம் வெறுமையாக இராது. மரத்தின் பூவை எப்போது விடலாம் என்பதை நாள்காட்டி மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மூன்று ஆண்டுகள் கடந்து, தினசரி தண்ணீர் இல்லாமலே ஒரு மார்ச் மாதத்தை இலை தொங்காமல் தாண்டி, அடுத்த மழைக்கு எல்லாக் கிளைகளிலும் கொழுந்து விட்ட மரம் தயார். அதற்கு முன் கிடைக்கும் நாலு மாங்காய்க்காக, பிறகு பல பத்தாண்டுகள் காய்க்க வேண்டிய மரத்தை நலிய விடக் கூடாது.