கடைசி வரிசையில் ஒரு முகம்

கடலூர் சிப்காட்டை அடுத்த குடிகாட்டில், நம் வீட்டிற்கு மூன்றாம் வீட்டில் ஒரு சகோதரி வாழ்கிறார். மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து அவர் முகம் சிதைந்து ஆண்டுகள் பலவாயின. திருப்பலியில் முக்காடிட்டுக் கடைசி வரிசையில் அமர்வார். சமாதான வாழ்த்துக் கூறும் வேளையில் நாம் பன்முறை வேறு பக்கம் திரும்பியதுண்டு. வெட்கத்தோடு இதை ஒப்புக்கொள்கிறோம்.

அண்மையில் அவர் மகள் நம்மிடம், “பெரியப்பா, இறந்தவர் முகத்தை எடுத்து மற்றவர்க்குப் பொருத்துகிறார்களாமே! அம்மாவுக்கும் செய்யலாமா?” என்று வினவினாள். அறிந்ததைச் சொன்னோம்.

1994 இல் பஞ்சாபில் ஒன்பது வயதுச் சிறுமியின் கூந்தல் இயந்திரத்தில் சிக்கி, முகமும் தலைத்தோலும் பெயர்ந்துவிட்டன. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஆபிரகாம் தாமஸ் இரத்தக் குழாய்களை இணைத்து மீண்டும் அவற்றைப் பொருத்தினார். அது அவளுடைய சொந்த முகம். ஆதலின் உடல் ஏற்றுக்கொண்டது.

பிறர் முகமோ அங்ஙனமன்று. 2005 இல் பிரான்சின் அமியேன் நகரில், நாய் கடித்துக் குதறிய பெண்மணி ஒருவருக்கு, இறந்தவரின் மூக்கும் உதடுகளும் மோவாயும் பொருத்தப்பட்டன. அயல் தசையை உடல் தள்ளிவிடாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டும். அம்மருந்து நோய் எதிர்க்கும் ஆற்றலைக் குறைப்பதால் தொற்றுநோயும் புற்றுநோயும் எளிதில் பற்றும். அப்பெண்மணி 2016 இல் காலமானார். இருதயமின்றி வாழ இயலாது. முகம் சிதைந்தும் வாழலாம். பின் ஏன் இத்துணை ஆபத்து? உண்ணவும் பேசவும் இயலாது ஒளிந்து வாழ்வோர்க்கு அதுவே மறுவாழ்வு என்பர் மருத்துவர். 2000 ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உறுப்புக் கொடையை அன்பின் செயலெனப் போற்றினார். எனினும் விவரமறிந்த, மனமுவந்த சம்மதம் வேண்டும். விலைபேசுதல் ஆகாது என்றார்.

வாயிற்படியில் கேட்டிருந்த தாய், “முகத்தைக் கொடுத்துவிட்டால், பெற்றவள் தன் பிள்ளையின் முகத்தைக் கடைசியாக எப்படி அண்ணே பார்ப்பாள்?” என்றார்.

முகம் கொடுத்த அந்த இறந்தவருக்குச் செயற்கை முகமொன்று செய்து பொருத்தினர் என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை.

“கொடுத்தவர்கள் பெரியவர்கள். அவர்களுக்காகச் செபிப்போம். எனக்கு இந்த முகமே இருக்கட்டும்” என்று எழுந்து போனார்.

அடுத்த ஞாயிறு நாமும் கடைசி வரிசையில் அமர்ந்தோம். சமாதான வாழ்த்தின்போது அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கைகூப்பினோம். அவரும் கைகூப்பினார்.

அன்பர்களே, உங்கள் பங்கின் கடைசி வரிசையில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று இந்த ஞாயிறு சற்றே திரும்பிப் பாருங்கள்.