அடை வைக்கும் முன்பே ஆள் பார்!

திண்டுக்கல் மாவட்டம், வடமதுரைக்கும் அய்யலூருக்கும் இடையே உள்ள ஒரு சிறிய கிராமம். மானாவாரி நிலம் 2 ஏக்கர், 4 வெள்ளாடுகள், வாசலில் ஒரு வேப்பமரம். அந்த வீட்டு அம்மாவுக்குக் கோழி வளர்ப்பு புதிதல்ல. தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த சிறுவிடைப் பெட்டைகளின் வாரிசுகள்தான் இன்றும் அவர் வாசலில் மேய்கின்றன. வீட்டுக்கு முட்டை, விருந்தாளி வந்தால் குழம்பு என்று இருந்த வரை, விற்பனை பற்றி அவர் யோசித்ததே இல்லை.

மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகுதான் யோசனை வந்தது. ஆட்டை விற்று முதல் தவணை கட்டியாயிற்று. அடுத்த தவணைக்குக் கோழி கைகொடுக்கும் என்று நம்பி, பங்குனியில் 4 பெட்டைகளை ஒன்றாக அடை வைத்தார். 45 முட்டையில் 36 குஞ்சு பொரித்தது. பருந்து, கீரி, கோடை வெயில் எல்லாம் போக, ஆறு மாதத்தில் 22 தேறியது. அதில் 14 சேவல். வளர்ந்த சேவல்களைப் பார்க்கப் பார்க்க மனம் நிறைந்தது. ஆனால், அவர் கணக்குப் போடாத ஒன்று இருந்தது. அந்த ஆறாவது மாதம் புரட்டாசி.

சந்தை சொன்ன பாடம்

அய்யலூரில் வியாழக்கிழமை கூடும் சந்தை ஆட்டுக்கும் கோழிக்கும் பேர்போனது. விடிவதற்கு முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடும். 12 சேவல்களைக் கால் கட்டி, கூடையில் வைத்து, முதல் பஸ்ஸில் போய் இறங்கினார். வியாபாரி ஒரு சேவலைத் தூக்கி, நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “உருப்படி 280” என்றார்.

“இவ்வளவு கம்மியா கேட்டா எப்படிண்ணே?”

“புரட்டாசியில யாருக்கா கறி திங்கிறா? நான் வாங்கிட்டுப் போய் மூணு வாரம் தீனி போட்டு வச்சிருக்கணும். குடுத்தா குடு, இல்லன்னா தூக்கிட்டுப் போ.”

மனமில்லாமல் 5 சேவலை மட்டும் கொடுத்தார். 1,400 ரூபாய். மீதி ஏழும் வீடு திரும்பின. அன்று மாலை, ஊர் மளிகைக் கடைத் தராசில் ஒன்றை நிறுத்துப் பார்த்தார். 1 கிலோ 350 கிராம். வடமதுரைக் கறிக்கடையில் நாட்டுக்கோழி உயிர் எடை கிலோ 400 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அவருக்குக் கிடைத்ததோ கிலோவுக்கு 207 ரூபாய். தன் சேவலின் எடையே தனக்குத் தெரியாமல் விற்கப் போனதுதான் அன்றைக்கு அவரை அதிகம் உறுத்தியது.

இருந்தும், அந்தச் சந்தைப் பயணம் முழுக்க வீண் போகவில்லை. திரும்பும் வழியில், பஸ் நிறுத்தத்தில் நின்ற பள்ளி ஆசிரியை ஒருவர் கூடையை எட்டிப் பார்த்தார்.

“இது பண்ணைக் கோழியா, வீட்டுக் கோழியா?”

“வீட்டுக் கோழிதான் டீச்சர்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. கூண்டில் தீவனம் தின்று இரண்டரை, மூன்று மாதத்தில் எடை கூடும் கலப்பினக் கோழிகளும் கடையில் ‘நாட்டுக்கோழி’ என்றே விற்கப்படுகின்றன. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. “நம்பலைன்னா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து பாருங்க” என்றார் அந்த அம்மா. டீச்சர் நிஜமாகவே வந்தார். குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருந்த கோழிகளைப் பார்த்துவிட்டு, ஒரு சேவலை நிறுத்து, கறிக்கடை விலை கொடுத்து வாங்கிப் போனார். போகும்போது, “அடுத்த தடவை குஞ்சு பொரிச்சா எனக்குப் பத்து வேணும்” என்று சொல்லிவிட்டும் போனார்.

செத்த குஞ்சுக்கு யார் பொறுப்பு?

தையில் பொரித்த குஞ்சுகளை ஒரு மாதம் வளர்த்து, அதில் பத்தை டீச்சருக்குக் கொடுத்தார். ஒன்று 100 ரூபாய். பத்தாவது நாள் போன் வந்தது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, 8 குஞ்சு செத்துவிட்டதாம். இங்கே வீட்டிலும் அதே கதை. வெள்ளைக்கழிச்சல். தடுப்பு மருந்து எதுவும் போட்டிருக்கவில்லை.

“வித்த குஞ்சுக்கு நாம எப்படிப் பொறுப்பாக முடியும்? அங்க போய் செத்ததுக்கு அவங்கதான் பாத்துக்கணும்” என்றார் கணவர். ஊர் வழக்கமும் அதுதான். ஆனால் அந்த அம்மாவுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. நோய் தன் வாசலிலிருந்துதான் போயிருக்கிறது. நோயிலிருந்து தப்பிய கோழிகளை அந்தச் சமயத்தில் விற்றால், அது இன்னொரு வீட்டுக்கும் நோயைக் கொடுப்பதாகிவிடும் என்று அவற்றிலும் கை வைக்கவில்லை. மகள் படிப்புக்காகச் சேர்த்திருந்த பணத்திலிருந்து 800 ரூபாயை எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் எவ்வளவோ மறுத்தும் விடவில்லை. “நல்ல குஞ்சு தர முடிஞ்சா அப்புறம் வர்றேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாளே கால்நடை மருந்தகத்துக்குப் போனார். குஞ்சு பொரித்த 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 4-வது வாரம் மறுபடியும் சொட்டு மருந்து, 8-வது வாரம் இறக்கையில் ஊசி என்று சொல்லிக்கொடுத்தார்கள். அங்கேதான் ஒரு சிக்கலும் புரிந்தது. சொட்டு மருந்துக் குப்பி ஒன்றில் 100 குஞ்சுக்கான மருந்து இருக்கும். கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். மிச்சத்தை வைத்திருக்க முடியாது. பத்துக் குஞ்சு வைத்திருப்பவர், ‘இதுக்குப் போய் ஒரு குப்பியா’ என்று விட்டுவிடுவது இதனால்தான்.

நாலு வீடு, ஒரே குப்பி

அக்கம்பக்கத்து மூன்று வீட்டுப் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசினார். நான்கு வீட்டுப் பெட்டைகளையும் ஒரே நாளில் அடை வைப்பது என்று முடிவானது. முதலில் அடைக்கு உட்கார்ந்த கோழிக்குக் கூமுட்டைகளைக் கொடுத்து உட்கார வைத்திருந்து, மற்றவை அடைக்கு வந்ததும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக நல்ல முட்டை வைத்தார்கள். 21-ம் நாள் நான்கு வீட்டிலும் சேர்ந்து 74 குஞ்சு. 7-ம் நாள், ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் குப்பியை வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய் சொட்டு போட்டார். குஞ்சுகளை ஓரிடத்தில் சேர்த்தால் ஒரு வீட்டு நோய் மற்ற வீட்டுக்கும் போய்விடும் என்பதால், மருந்துதான் வீடு தேடிப் போனது.

இப்போது 4-வது வாரச் சொட்டு முடிந்த பிறகுதான் குஞ்சு விற்பனை. ஒன்று 130 ரூபாய். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. பொரித்த தேதி, சொட்டு போட்ட தேதிகள், 8-வது வாரம் ஊசி போட வேண்டிய தேதி, எல்லாம் மகளின் கையெழுத்தில் இருக்கும். இரண்டாவது முறை குஞ்சு வாங்கிய டீச்சர், தன் பள்ளியிலேயே மூன்று பேருக்கு அந்தச் சீட்டைக் காட்டியிருக்கிறார். அப்படித்தான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

வளர்ந்த கோழிக்கும் இப்போது காலக்கணக்கு உண்டு. தையில் பொரித்தால் சேவல் ஆடிக்குத் தயார். வைகாசியில் பொரித்தால் தீபாவளிக்கு. கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் கருஞ்சேவல் கேட்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் விடைக்கோழி கேட்பார்கள். பெண் பெரியவளான வீட்டில் முட்டை கேட்பார்கள். யார் வீட்டில் எப்போது என்ன தேவை என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். விற்பதெல்லாம் தராசில் நிறுத்துத்தான். சாலையோர உணவகம் ஒன்று மூன்று மாதம் கோழி வாங்கி, 4,000 ரூபாய் பாக்கி வைத்த பிறகு, கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எல்லாமே விற்றுவிடுகிறது என்று சொல்ல முடியாது. கார்த்திகை, மார்கழியில் பலர் கோயிலுக்கு மாலை போட்டுவிடுவதால் கேட்பு குறையும். நோட்டில் பெயர் இல்லாத சேவல்கள் இன்றும் அய்யலூர் சந்தைக்குத்தான் போகின்றன. ஆனால், எடை தெரிந்து போகின்றன.

சில மாதங்களுக்கு முன் காரில் வந்த ஒருவர், மாதம் 200 குஞ்சு வேண்டும், முன்பணமும் தருகிறேன் என்றார். நான்கு வீட்டுப் பெண்களும் பேசிப் பார்த்தார்கள். அவ்வளவு குஞ்சு வேண்டுமென்றால் வெளியில் முட்டை வாங்க வேண்டும். அது யார் வீட்டு முட்டை என்று சீட்டில் எழுத முடியாது. வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“கோழி வளர்த்தா எங்கக்கா விக்கிறது?” என்று பக்கத்து ஊர்களிலிருந்து இப்போது பெண்கள் கேட்டு வருகிறார்கள். அவர்களிடம் அந்த அம்மா முதலில் கொட்டகையைப் பற்றியோ தீனியைப் பற்றியோ பேசுவதில்லை. “உன்கிட்ட வாங்கப் போற நாலு பேர் பேரைச் சொல்லு. சொல்ல முடிஞ்சா இன்னைக்கே அடை வை. முடியலைன்னா, முதல்ல ஆளைப் பாத்துட்டு வா” என்கிறார்.