நாலு போஸ்ட்கார்டு மேல பாட்டி!

தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல நான் எடுத்தது 86 மார்க். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் 'பிவி ஈக்வல் டு என்ஆர்டி'ன்னு ஒப்பிப்பேன். அப்பேர்ப்பட்ட அறிவாளி கார் டயருக்குக் காத்து அடிச்ச கதை இது. தாராளமா சிரிங்க. ஆனா, கடைசி வரைக்கும் படிச்சுடுங்க. ஏன்னா, அந்தக் கார்ல பின்சீட்டுல எங்க பாட்டி இருந்தாங்க.

எங்க வீடு மயிலாப்பூர்ல. அப்பாவோட கார் பழைய ஹேட்ச்பேக். ஏபிஎஸ் எல்லாம் கிடையாது. லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் ஆகியும் சாவி என் கைக்கு வந்ததில்லை. போன அக்டோபர்ல அப்பா திடீர்னு வெளியூர் கிளம்ப, பாட்டிக்கு அடையாறுல கண் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இருக்க... வந்துச்சு சாவி! "பார்த்துப் போடா. காத்து மட்டும் செக் பண்ணிக்கோ." அப்பா போட்டது ஒரே ஒரு கண்டிஷன்தான்.

முதல் நாள் சாயங்காலம் தி.நகர்ல அம்மாவோட தையல் துணியை வாங்கிட்டு, வழியில ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தினேன்.

"எவ்ளோ வெக்கணும் சார்?" என்றார் ஏர் போடுறவர்.

'சார்'ல மயங்கிட்டேன். குனிஞ்சு டயரைப் பார்த்தேன். பக்கவாட்டுல பொடி எழுத்துல 'மேக்ஸ் பிரஷர் 44 பிஎஸ்ஐ'ன்னு இருந்தது. கண்டுபிடிச்சுட்டான்யா தமிழன்! "44 வைங்க."

"ஜாஸ்தியா இருக்கே சார்..."

"டயர்லயே போட்டிருக்கான், பாருங்க." இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் சொன்னா எதிர்ப்பேச்சு உண்டா? வெச்சுட்டார்.

மறுநாள் காலையில தூறல். மந்தைவெளி தாண்டும்போதே வண்டி சின்னச் சின்னப் பள்ளத்துக்கெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. "ஏன்டா, மாட்டு வண்டியில போற மாதிரி இருக்கு?"ன்னு பாட்டி கேட்டாங்க. "ரோடு சரியில்ல பாட்டி"ன்னு பழியை ரோட்டு மேல போட்டேன். திரு.வி.க. பாலம் இறங்குற இடத்துல, முன்னாடி போன ஷேர் ஆட்டோ சடன் பிரேக் அடிச்சது. நானும் அடிச்சேன். வண்டி நிக்கலை. சக்கரம் நின்னுடுச்சு, கார் மட்டும் வழுக்கிக்கிட்டே போகுது! ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிச்சதைத் தவிர நான் வேற எதுவுமே செய்யலை. ஆட்டோவுக்கு ஒரு சாண் முன்னாடி தானா நின்னுச்சு. பின்னாடி 'டொம்'முன்னு ஒரு சத்தம். பாட்டியோட நெத்தி முன்சீட்டுல இடிச்சிருந்தது.

"ஒண்ணுமில்லடா... நீ ஓட்டு"ன்னு சொன்னாங்க. ஆனா, அவங்க கை நடுங்கினதைக் கண்ணாடியில பார்த்தேன். எனக்குக் கால் நடுங்கிட்டு இருந்தது.

திரும்பி வந்ததும் பாட்டியை வீட்டுல விட்டுட்டு, நேரா மந்தைவெளியில இருக்குற பஞ்சர் கடைக்குப் போனேன். கடை அண்ணன் கேஜை வெச்சுப் பார்த்துட்டு நிமிர்ந்தார். "இன்னா தம்பி, லாரியா ஓட்டுற?"

"டயர்ல 44னு போட்டிருக்குண்ணே."

"லிஃப்ட்ல எட்டு பேருன்னு போட்டிருப்பான். எட்டு பேர் சேந்தாத்தான் ஏறுவேன்னு கீழயே நிப்பியா? அது டயர் தாங்குற லிமிட்டு தம்பி. உன் வண்டிக்கு எவ்ளோன்னு வண்டிதான் சொல்லும். அந்த டிரைவர் கதவைத் தொற."

திறந்தேன். கதவு மூடுற இடத்துல, தூண்ல ஒரு ஸ்டிக்கர். முன்னாடி 30, பின்னாடி 30. ஃபுல் லோடுக்குத் தனியா ஒரு நம்பர். எத்தனையோ தடவை திறந்து மூடின கதவு. ஒரு நாளும் படிச்சதில்லை!

அன்னிக்கு ராத்திரி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். பரீட்சைக்கு இல்லாம நான் போட்ட முதல் கணக்கு அதுதான். ஆளோட சேர்த்து வண்டி எடை சுமார் ஆயிரம் கிலோ. ஒரு டயர் மேல 250 கிலோ. 30 பிஎஸ்ஐ-ன்னா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. வகுத்தா, ரோட்டைத் தொடுற இடம் டயருக்குச் சுமார் 120 சதுர சென்டிமீட்டர். அதாவது, கிட்டத்தட்ட ஒரு போஸ்ட்கார்டு! நாலு டயருக்கு நாலு போஸ்ட்கார்டு. மொத்தக் குடும்பமும் ரோட்டைப் பிடிச்சிட்டு இருக்கறது அவ்வளவுலதான். நான் வெச்ச 44-க்கு அதே கணக்கைப் போட்டா 81தான் வருது. மூணுல ஒரு பங்கை நானே கிழிச்சுப் போட்டிருக்கேன், அதுவும் மழை நாள்ல. இது தோராயக் கணக்குதான். டயரோட விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்கும். ஈர ரோட்டுல வேற காரணமும் சேர்ந்திருக்கலாம். ஆனா, என் தப்பு எனக்குப் புரிய இது போதும்.

'அப்போ காத்தைக் கம்மியா வெச்சா கார்டு பெருசாகுமே?'ன்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். அது இன்னும் மோசம். டயரோட ஓரம் ரெண்டும்தான் ரோட்டை அழுத்தும். ஒவ்வொரு சுத்துக்கும் பக்கவாட்டு ரப்பர் மடங்கி நிமிரும். எங்க கார் டயர் கிலோமீட்டருக்கு ஐந்நூறு தடவைக்கு மேல சுத்துது. அத்தனை மடிப்பும் சூடா மாறும். ஈசிஆர்ல வேகமாப் போறப்ப டயர் வெடிக்கறதுக்கு இந்தச் சூடு ஒரு முக்கியக் காரணம். மைலேஜும் போயிடும். 2000-ல அமெரிக்காவுல டயர் மேல்பட்டை பிரிஞ்சு நிறைய விபத்து நடந்து, ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது ஞாபகம் இருக்கா? நமக்கு இருக்காது, நாம பொறக்கவே இல்லை! காத்து குறைஞ்சா டாஷ்போர்டுல எச்சரிக்கணும்னு அங்கே சட்டம் வந்தது அதுக்கு அப்புறம்தான்.

டயர்ல எழுதியிருக்கற ஜாதகத்தையும் அண்ணன்தான் படிச்சுக் காட்டினார். எங்க டயர்ல இருந்தது 165/80 ஆர்14 85டி. 165 மில்லிமீட்டர் அகலம். பக்கவாட்டு உயரம் அதுல 80 சதவிகிதம். 'ஆர்'னா ரேடியல். 14 இன்ச் ரிம். 85-ங்கறது எடைக்கான குறியீடு, ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 'டி'ன்னா மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. டயர் மாத்தும்போது கடைசி ரெண்டையும் பழசைவிடக் குறையாமப் பார்த்து வாங்கணும்.

மத்ததெல்லாம் ஈஸி:

* மாசம் ஒரு தடவையும், நீண்ட பயணத்துக்கு முன்னாடியும் காத்து பாருங்க. பெட்ரோல் பங்க்ல இது இலவசம்.

* டயர் ஆறியிருக்கும்போது பாருங்க. நம்ம என்ஆர்டி இங்கேதான் வர்றார். 28 டிகிரியில 30 இருக்கற டயர், ஓடிச் சூடாகி 50 டிகிரி ஆனா 33 காட்டும். அதைப் பார்த்துக் காத்தை இறக்கினா, ஆறினதும் குறைஞ்சுபோகும்.

* டயர் பள்ளத்துக்குள்ள குட்டிக் குட்டி மேடு இருக்கும். உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் அதுக்குச் சமமாத் தேய்ஞ்சா டயரை மாத்திடணும்.

* நாலு இலக்கத் தேதி இருக்கும். 3519-ன்னா 2019-ம் வருஷம் 35-வது வாரம் செஞ்சது. பத்து வருஷம் தாண்டினா, பார்க்கப் புதுசா இருந்தாலும் வேண்டாம்.

* ஸ்டெப்னிக்கும் காத்து வேணும் பாஸ்!

நம்ம ஊருக்கு டயர் ஒண்ணும் புதுசில்லை. எம்.ஆர்.எஃப். கம்பெனியை மாம்மன் மாப்பிள்ளை 1946-ல ஆரம்பிச்சது நம்ம திருவொற்றியூர்ல, பொம்மை பலூன் செய்யத்தான். பலூன்ல காத்து ஜாஸ்தியானா குழந்தை அழும், அவ்வளவுதான். டயர்ல விளையாட முடியாது.

அப்பா ஊர்லேர்ந்து வந்ததும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். பாட்டி நெத்தியில இருந்த வீக்கத்தைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம் மெதுவா, "அந்த ஸ்டிக்கர் எங்கேடா இருக்கு?"ன்னார். இத்தனை வருஷமா அவர் பங்க்ல சொன்னது, "பார்த்து வைப்பா"தானாம்! ரெண்டு பேரும் டார்ச் அடிச்சுப் படிச்சோம். அப்படியே ஸ்டெப்னியையும் எடுத்துப் பார்த்தோம். தேதி, 2214. காத்து, சுத்தமா இல்லை.

இப்போ டேஷ்போர்டுல சொந்தமா ஒரு கேஜ் இருக்கு. போன வாரம் மறுபடி கண் டாக்டர்கிட்ட போகணும். "நீயே கூட்டிட்டுப் போடா"ன்னு பாட்டியே சொன்னாங்க. ஆனா, கார்ல ஏறுறதுக்கு முன்னாடி டிரைவர் கதவுப் பக்கம் வந்து நின்னு ஒரு கேள்வி கேட்டாங்க...

"முப்பதுதானே வெச்சே?"