குடியை நிறுத்திய முதல் நாட்கள்

2020 மார்ச் இறுதியில், ஊரடங்கின் பொருட்டுத் தமிழ்நாட்டில் மதுக்கடைகள் அடைக்கப்பட்டபோது, இனியேனும் குடும்பங்கள் நிம்மதியடையும் என்று மகிழ்ந்தவர் பலர். வருஷக்கணக்காக நித்தமும் குடித்துப் பழகிய தேகத்துக்கு அந்தத் திடீர் நிறுத்தமே பிராணாபத்தாக முடியக்கூடும் என்று அறிந்திருந்தவரோ சிலரே.

மது ஓயாமல் அடக்கிவைத்த மூளை, அதற்கு ஈடாகத் தன் கிளர்ச்சியைப் பெருக்கிக்கொண்டே வருவதால், அந்த அடக்குமுறை அகன்றதும் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும், முதல் 2 நாட்களுக்குள் வலிப்பும், பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குப் பின் சித்தப்பிரமையும் தோன்றலாம். இல்லாத பூச்சிகளைப் போர்வையிலிருந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்த என் பெரியப்பாவை, பேய் பிடித்ததென்றெண்ணி மந்திரிக்க அழைத்துச் செல்ல வீட்டார் ஆயத்தமானதைக் கண்டிருக்கிறேன். சிகிச்சையின்றி விட்டால் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை அது.

ஆகையால் அன்பர்களே, அவசியம் நிறுத்துங்கள். ஆனால் வைராக்கியத்தை மட்டுமே நம்பி அறைக்குள் அடைந்து கிடக்காமல், எவ்வளவு காலம் எவ்வளவு குடித்தோம், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்பதையெல்லாம் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லி, அவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்துத் தரும் மாத்திரைகளோடும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடும் நிறுத்துங்கள். அந்தத் தயமின், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்போ அதனுடனோ செல்வது மூளைக்குப் பெரும் பாதுகாப்பு. வலிப்போ பிதற்றலோ கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.